மந்தகாலத்தில் மனையும் வீடும்

வியாபாரம் மந்தமுற்று, வருமானம் சுருங்கி, கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கும் காலங்களிலெல்லாம் ஜனங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நிலத்தின் விலையும் வீட்டின் விலையும் இறங்கவேண்டிய மட்டும் இறங்கிவிட்டனவா, இன்னும் இறங்குமா என்பதே அது. வாங்க எண்ணுபவர் ஆவலோடும் விற்க நேர்ந்தவர் அச்சத்தோடும் கேட்கும் இக்கேள்விக்கு ஜோதிடர் முதல் பொருளாதார நிபுணர் வரை பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள். சரித்திரம் சொல்லும் விடை அவற்றினின்றும் வேறானது. பீங்கான் நகரம் என்று இன்று பெயர்பெற்ற விருத்தாசலத்தையும் அதைச் சூழ்ந்த தென்னார்க்காட்டுச் சீமையையும் நடுவாக வைத்து, சென்ற நூறு ஆண்டுகளில் நம்மவர் ஆஸ்திகள் விலை வீழ்ந்து எழுந்த வரலாற்றைப் பார்த்தால் அவ்விடை ஒருவாறு விளங்கும்.

மணிமுத்தா நதிக்கரையில் உள்ள இவ்வூருக்குத் திருமுதுகுன்றம் என்பது பழம்பெயர். காசியைக் காட்டிலும் இங்கே புண்ணியம் வீசம் அதிகம் என்று சொல்லி விருத்தகாசி என்றும் வழங்குவர். செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்த பழமலைநாதர் கோயிலின் ஸ்தலவிருக்ஷம் வன்னி. விபசித்து முனிவர் திருப்பணி செய்த காலத்தில், பொழுது சாய்ந்ததும் அம்மரத்தின் இலைகளையே கூலியாட்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார் என்றும், அவரவர் அன்று உழைத்த அளவுக்கே அவை பொற்காசுகளாக மாறின என்றும் ஐதிகம் சொல்லுகிறது. உழைப்புக்கு மேலே ஒரு காசும் கூடாமல், கீழே ஒரு காசும் குறையாமல் நடந்த அந்தக் கணக்கு வன்னிமரத்தடியோடு நின்றுவிட்டது. கடல் கடந்த தேசத்தில் முகம் அறியாத ஒருவன் என்ன விலை கொடுப்பான் என்பதைப் பொறுத்தே இவ்வூர்க் குடியானவனின் ஒரு வருஷத்து உழைப்புக்கு மதிப்பு ஏற்படும் காலம் பின்னாளில் வந்தது.

அந்தக் காலத்தைக் கொண்டுவந்தது மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை. மல்லாட்டை என்று இப்பக்கத்தார் சொல்லும் இந்தப் பயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டின் செம்மண் காடுகளில் வேகமாகப் பரவியதற்குக் காரணம், புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பிரான்ஸ் தேசத்து மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகள் அதை ஏராளமாக வாங்கியதே. தண்ணீர் அதிகம் வேண்டாத பயிர், கைக்கு ரொக்கமாகப் பணம் தரும் பயிர் என்பதனால், அதற்கு முன்பு வரகும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்களுக்குக்கூட ஒரு கிராக்கி பிறந்தது. தரகர்கள் அறுவடைக்கு முன்னதாகவே முன்பணம் கொடுத்தார்கள். முன்பணம் வாங்கியவர் அதைக்கொண்டு பக்கத்து நிலத்தைக் கிரயம் பேசினார். கிரயத்துக்குக் குறைந்த தொகைக்கு வாங்கிய நிலத்தையே அடமானம் வைத்தார். 1920களின் பிற்பகுதியில் விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் என்னும் குறுக்குப் பாதை போடப்பட்டு, இவ்வூர் ரயில் சந்திப்பாகவும் ஆயிற்று. விளைபொருளுக்கு விலை, நிலத்துக்குக் கிராக்கி, ஊருக்கு ரயில் ஆகிய மூன்றும் ஏககாலத்தில் வந்து சேர்ந்தபோது, விலை என்பது ஏறுவதற்கே பிறந்தது என்ற நம்பிக்கை ஜனங்களிடையே வேரூன்றியதில் ஆச்சரியமில்லை.

1929-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அதன் அதிர்ச்சி தென்னார்க்காட்டுக் களத்துமேட்டை எட்டுவதற்கு வெகுகாலம் ஆகவில்லை. சில வருஷங்களுக்குள் சென்னை மாகாணத்தில் நெல்லும் மணிலாவும் பாதி விலைக்கும் கீழே போயின. சர்க்காருக்குச் செலுத்தவேண்டிய கிஸ்தியோ பணக்கணக்கில் நிர்ணயிக்கப்பட்டிருந்தது, வட்டியும் அவ்விதமே. உதாரணமாக, நூறு மூட்டை மணிலாவை விற்றால் தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டு 1928-ல் ஒருவர் வாங்கிய கடனுக்கு, விலை பாதியான பின்பு இருநூறு மூட்டை வேண்டியதாயிற்று. வாங்கிய கடன் ஒரு காசும் கூடாமலே அதன் பாரம் இரட்டித்துவிட்டது. 1930-ல் சென்னை மாகாண பாங்கி விசாரணைக் கமிட்டி மாகாணத்துக் கிராமக் கடன் 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஐந்து வருஷங்கழித்து, விவசாயிகளின் கடனை விசாரிக்கச் சர்க்கார் நியமித்து 1935-ல் அறிக்கை சமர்ப்பித்த அதிகாரி சத்தியநாதன் அதனை 200 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். விளைபொருளின் விலை பாதியான காலத்திலே கடன்தொகை மூன்றில் ஒரு பங்கு வளர்ந்தது என்ற இவ்விரண்டு புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அக்காலத்து நிலவிலையின் வீழ்ச்சி புரியும்.

வீழ்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்கவேண்டுமானால் முன்சீப் கோர்ட்டு ஏலத்தைப் பார்க்கவேண்டும். கடன் கொடுத்தவர் கோர்ட்டில் டிக்கிரி பெற்று நிறைவேற்று மனுப் போட்டதும், ஜப்தி செய்த நிலத்தண்டை தமுக்கு அடித்துச் செய்தி சொல்லுவார்கள். ஏல விளம்பரம் நிலத்திலும் கோர்ட்டுக் கட்டடத்திலும் ஒட்டப்படும். முப்பது நாளேனும் சென்றபின் ஏலம் நடக்கும். அதிக விலை கேட்டவர் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கை அந்த இடத்திலேயே கட்டவேண்டும். மிச்சத்தைப் பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் மறு ஏலம். கையில் ரொக்கம் உள்ளவரே ஊரில் அருகிப்போன காலத்தில் இந்த நிபந்தனைகளோடு கேள்வி கேட்க எத்தனை பேர் வருவார்கள்? கடைசியில் கோர்ட்டு அனுமதி பெற்று டிக்கிரிதாரரே கேட்பார். அவர் கேட்டதே விலை. நிலத்தை இழந்தவர் முப்பது நாளுக்குள் கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் நஷ்டயீட்டையும் கட்டினால் ஏலம் ரத்தாகும் என்று 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. ஆனால் அந்தப் பணம் இருந்திருந்தால் நிலம் ஏலத்துக்கே வந்திராது. முறைகேடோ மோசடியோ இல்லாமல், விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஏலத்தைத் தள்ளுபடி செய்யமுடியாது என்பதும் அச்சட்டத்தின் நிலை.

இதிலே வீட்டின் கதி நிலத்தின் கதியினின்றும் சற்று வேறுபட்டது. விவசாயி தான் குடியிருக்கும் வீட்டைச் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்யலாகாது என்று அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு காப்பளித்திருந்தது. ஆகவே கிராமத்தில் கொல்லையும் நஞ்சையும் போனபின்பும் கூரை மிஞ்சியது. தானே எழுதிக்கொடுத்து அடமானம் வைத்த வீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. நகரத்து வியாபாரியும் உத்தியோகஸ்தரும் அக்காப்புக்கு உரியவரல்லர். வீட்டை விற்க மனமில்லாதவர்கள் ஒத்திக்கு விட்டார்கள்; கடன் கொடுத்தவர் வாடகையின்றிக் குடியிருப்பார், கடன் வாங்கியவர் வட்டியின்றி இருப்பார், முதலைத் திருப்பிய அன்று வீடு திரும்பும். போக்கியம் என்ற பெயரில் இன்றும் தமிழ்நாட்டு நகரங்களில் வழங்கும் இவ்வேற்பாடு, விற்காமலே பணம் புரட்டுவதற்கு மந்தகாலத்தில் நம்மவர் நம்பிய உபாயமாகும்.

மற்றோர் உபாயம் தங்கம். 1931-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 21-ஆம் தேதி இங்கிலாந்து தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாயோ ஸ்டர்லிங்கோடு பிணைக்கப்பட்டே இருந்தது. அதுவரை தோலா 21 ரூபாய்ச் சில்லறையாக இருந்த தங்கம் விரைவில் முப்பது ரூபாயையும் கடந்தது. மாகாணமெங்கும் பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்த நகைகள் உருக்கப்பட்டுப் பம்பாய் வழியாகக் கப்பலேறின. கிஸ்தி கட்டியதும் வட்டி கட்டியதும் அந்தத் தங்கமே. நெல்லும் நிலமும் விலை இறங்கிய காலத்திலே விலை ஏறிய ஒரே ஆஸ்தி குடியானவன் வீட்டுப் பெண்களிடம் இருந்தது என்பதும், அது இருந்தவர்கள் நிலத்தைத் தக்கவைத்துக்கொள்ள, இல்லாதவர்கள் ஏலத்தில் இழந்தார்கள் என்பதும், இந்தச் சரித்திரத்தில் கவனிக்கத்தக்க விஷயங்கள். நிலவிலையின் அடிமட்டம் எது என்பதை நிலத்தின் வளப்பம் தீர்மானிக்கவில்லை. உடையவரின் தாங்கும் சக்தி தீர்மானித்தது.

சரி, அந்த அடிமட்டம் எந்த வருஷத்தில் வந்தது? 1931-ல் இருந்தவர்கள் அதுவே கடைசிப்படி என்று எண்ணினார்கள்; அவ்வாண்டில் மலிவென்று வாங்கியவர்கள் அதைவிட மலிவைப் பின்னால் கண்டார்கள். 1936, 1937-ல் விலைகள் சிறிது நிமிர்ந்தன. தலையெடுத்துவிட்டோம் என்று ஜனங்கள் மூச்சு விட்டபோது 1938-ல் மறுபடியும் தளர்ந்தன. நிலம் திடமாக ஏறத் தொடங்கியது உலகயுத்தம் தானிய விலையை ஏற்றிய பின்புதான். ஏறக்குறைய பத்து வருஷங்கள் நீண்ட அந்தப் பள்ளத்தில், எந்த இடத்தில் நின்றவரும் தாம் நிற்பது அடிமட்டத்திலா, இடைப்படியிலா என்று அறிந்திருக்க வழியில்லை.

அறிவிற் சிறந்தவர்க்கும் அது தெரியவில்லை என்பதற்கு அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் இர்விங் ஃபிஷரே சான்று. பங்குகளின் விலை இனி இறங்காத மேட்டுநிலத்தை அடைந்துவிட்டது என்று 1929 அக்டோபரில், சரிவுக்குச் சில நாட்களுக்கு முன்பு, அவர் சொன்னார். தம்முடைய செல்வமெல்லாம் அழிந்தபின், 1933-ல், விலைகள் வீழும்போது கடனைத் தீர்க்க எல்லோரும் ஒருங்கே விற்பதே விலைகளை மேலும் வீழ்த்துகிறது என்றும், அதனால் கட்டக் கட்டக் கடன் பளுவாகிறது என்றும் காட்டும் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அவர் குடியிருந்த வீட்டை யேல் சர்வகலாசாலை வாங்கி, அவருக்கே வாடகைக்கு விட்டது. விருத்தாசலம் தாலுகாக் குடியானவன் களத்துமேட்டில் கண்ட உண்மையைத்தான் அப்பேராசிரியர் சாஸ்திரமாக்கினார்.

மலிவாக வாங்கியவரெல்லாம் லாபம் அடைந்தார்கள் என்பதும் உண்மையன்று. பர்மாவில் லேவாதேவி செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நிலம் வாங்குவதற்காக அங்கே செல்லவில்லை. கடன் கொடுத்து வட்டி பெறவே சென்றார்கள். நெல்விலை வீழ்ந்து, கடன் வாங்கியவர்கள் கட்டமுடியாமற் போகவே, ஈட்டுநிலங்கள் அவர்கள் கையில் வந்து விழுந்தன. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல்விளையும் 13 ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்கள் வசம் இருந்தது. 1937-ல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. மிகமிகக் குறைந்த விலையில் வந்த நிலமாயினும் அதை ரொக்கமாக்க வழியில்லை. 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பு வந்தது. சுதந்திர பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது. பர்மாத் தேக்கால் தூணும் நிலையும் நிறுத்திக் கட்டிய செட்டிநாட்டு மாளிகைகளில் சில பிற்காலத்தில் பிரிக்கப்பட்டு, அவற்றின் கதவும் தூணும் காரைக்குடிக் கடைகளில் தனித்தனியே விலைபோயின.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் சென்னைப்பட்டணத்தில் நடந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், அவசிய வேலையில்லாதவர்கள் பட்டணத்தைவிட்டு வெளியேறலாம் என்று சர்க்கார் அறிவித்தது. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஜனங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட, பட்டணத்து வீடுகள் வந்த விலைக்குக் கைமாறின. வெளியூர்களிலோ ஒரு திண்ணைக்கும் வாடகை கேட்டார்கள். படையெடுப்பு வரவில்லை. சில மாதங்களில் ஜனங்கள் திரும்பினார்கள். யுத்தகாலத்து உத்தியோகங்களும் பெருகவே வீடுகளுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டு, 1946-ல் வாடகைக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. பத்து வருஷம் நீடித்த பள்ளமும் சில மாதங்களே நீடித்த பள்ளமும் ஒரே தலைமுறையின் கண்முன் நிகழ்ந்தன. இரண்டும் தொடங்கியபோது, எது நீளும் எது மாறும் என்று சொல்லத்தக்க அடையாளம் எதுவும் இருந்ததில்லை.

1930களின் பள்ளத்திலிருந்து குடியானவரை மீட்டதில் சந்தைக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் பங்குண்டு. ராஜாஜி மந்திரிசபை இயற்றிய 1938-ஆம் வருஷத்து 4-ஆவது சட்டம், அதாவது சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முற்பட்ட கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டிப் பாக்கியைத் தள்ளிவிட்டது. அசலைப்போல் இரட்டிப்புத் தொகை கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததென்றது. கடன் கொடுத்தவர்கள் இதை அநியாயம் என்றார்கள். நம்பிக்கை குலைந்து இனி யாரும் கடன் கொடுக்கமாட்டார்கள் என்ற வாதத்திலும் சிறிது உண்மை இருந்தது. ஆயினும் கட்டாய விற்பனை தணிந்தாலன்றி விலை தரிக்காது என்பதை அறிந்து செய்த காரியம் அது.

யுத்தத்துக்குப் பின்னே விருத்தாசலத்தின் பாக்கியம் மண்ணிலிருந்து பிறந்தது. சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கழகம் தோன்றி, 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணில் வெண்களிமண்ணும் இருந்தது. சுற்றுவட்டாரத்துக் களிமண்ணையும் கருதி, 1960களில் விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழிற்பேட்டை அமைந்தது. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச அதன் உட்சுவரில் மண் படிந்து கெட்டியாகும். வேண்டிய கனம் வந்ததும் நடுவிலுள்ள கூழை வடித்துவிட்டு, அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுத்து, உலர்த்தி, மெருகு பூசிச் சூளையில் சுடுவார்கள். கொலுப் பொம்மையும், அகல் விளக்கும், மின்சார ஃப்யூஸ் கட்டையும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் சென்றன. புதுவீடு கட்டும் ஒவ்வொருவரும் இவ்வூர்ச் சரக்கில் ஏதேனும் ஒன்றை வாங்கிய காலம் அது. ஆகையால் வீடு கட்டுதல் எங்கே மந்தப்பட்டாலும் அதன் நிழல் இந்தச் சூளைகளின்மேல் விழுந்தது. ஃப்யூஸ் கட்டையின் இடத்தைத் தானியங்கி ஸ்விட்சு பிடித்துக்கொண்டபின், வட இந்தியச் சரக்குகளின் போட்டியும் சேர்ந்து, பல தொழிற்கூடங்கள் மூடப்பட்டன.

நம் காலத்து மந்தத்துக்கு வருவோம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி உத்தரவிட்டது. இரண்டு மாதத்துக்குள் நவம்பர் 8-ஆம் தேதி பெரிய நோட்டுகள் செல்லாதவையாயின. பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 ஜூன் 9 முதல் அரசாங்கம் வழிகாட்டி மதிப்பை நூற்றுக்கு 33 பங்கு குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக்கியது. ஆனால் மனையுடையவர்கள் சொன்ன விலை அவ்வளவு இறங்கவில்லை. கடனில்லாதவர் விற்க அவசரப்படவில்லை. விலை படியட்டும் என்று பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். குறைந்தது விலையன்று, விற்பனை. 1930களின் பள்ளத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் இதுவே. கட்டாயமாக விற்பவர் இல்லாத ஊரில் அடிமட்டம் என்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

கட்டாய விற்பனை இக்காலத்தில் ஒழிந்துவிட்டதென்றும் எண்ணலாகாது. 2002-ஆம் ஆண்டுச் சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுவீட்டை ஏலமிடுகின்றன. கேள்வி உறுதியானதும் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு, மிச்சம் பதினைந்து நாளில் என்ற பழைய முன்சீப் கோர்ட்டு நிபந்தனைகள் இதிலும் தொடர்கின்றன. ஒரு மாறுதல் மட்டும் சிந்திக்கத்தக்கது. அன்று குடியானவனுடைய வீட்டுக்கு ஜப்தியிலிருந்து காப்பு இருந்தது, நிலம் போயிற்று. இன்று இச்சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்களிக்கிறது, வீடு போகிறது. செய்தித்தாளில் வரும் ஏல அறிவிப்புகளில் ஒரே வீடு மறுமுறை குறைந்த கேட்பு விலையோடு தோன்றுமானால், அவ்வட்டாரத்தில் விலை இன்னும் தரிக்கவில்லை என்று கொள்ளலாம்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்லுகிறது. அமெரிக்காவில் 2006-ல் உச்சியிலிருந்த வீட்டுவிலை 2008-ன் பெருஞ்சரிவோடு நிற்காமல் 2012 வரையில் இறங்கியது. ஜப்பானில் 1991-க்குப் பின்பு நாடு முழுவதற்குமான சராசரி நிலவிலை மீண்டும் ஏறியதாகக் கணக்கு வந்தது 2007-ல். அடுத்த வருஷங்களில் அதுவும் திரும்பவும் இறங்கியது. முதல் ஏற்றத்தைக் கண்டு அடிமட்டம் கடந்துவிட்டது என்று வாங்கியவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

ஆகையால், விலை அடிமட்டத்தை அடைந்துவிட்டதா என்ற கேள்விக்கு அது நிகழும் காலத்தில் விடை கிடையாது என்பதே சரித்திரத்தின் தீர்ப்பு. பல வருஷங்கள் கழிந்து திரும்பிப் பார்ப்பவர்க்கே அது புலப்படும். மந்தகாலத்தில் ஆஸ்தியை இழந்தவர்கள் விலையைத் தவறாகக் கணித்ததனால் இழக்கவில்லை. தவணை வந்த நாளில் கையில் பணமில்லாததனால் இழந்தார்கள். வீடு வாங்க எண்ணும் வாசகர்கள், இன்னும் இறங்குமா என்று பிறரைக் கேட்பதை விட்டு, வருமானம் பாதியானாலும் இரண்டு மூன்று வருஷங்கள் தவணை கட்ட இயலுமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். இயலுமானால், குடியிருப்பதற்காக வாங்கும் வீட்டை எந்த ஆண்டிலும் வாங்கலாம். இயலாதாயின், எவ்வளவு மலிவாக வந்தாலும் அதை விட்டுவிடுவதே உத்தமம்.